பெருத்துப்போன மெயில் ஃபைல்: அழிப்பதா, பிரிப்பதா, சர்வருக்கே அனுப்புவதா?

அவுட்லுக்கைத் திறந்தால் முதல் மெயில் கண்ணில் படவே இரண்டு நிமிடம் ஆகிறது. ஒரு மெயிலை அழித்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'சென்ட்' அழுத்தியதும் மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து திரை வெளுத்துவிடுகிறது. சிறு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. ஆடிட்டர் ஆபீஸ், ஏற்றுமதி கம்பெனி, உதிரிபாகக் கடை என்று எங்கே போனாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பல வருஷத்து மெயில் மொத்தமும் ஒரே ஃபைலில் சேர்ந்து கிடக்கிறது.

இதற்கு வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழசையெல்லாம் அழி, காம்பாக்ட் பண்ணு (ஃபைலுக்குள் காலியான இடத்தைச் சுருக்கு), ஆர்க்கைவ் பண்ணு (பழசைத் தனியே நகர்த்திவை), வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் போடு, தண்டர்பேர்டு என்ற வேறு மெயில் மென்பொருளுக்கு மாறு. எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலன் தந்தவைதான். ஆனால் பக்கத்து ஆபீசில் பலித்த வழி உங்கள் ஆபீசில் மெயிலையே தொலைத்துவிடக்கூடும். எந்த வழி உங்களுக்கானது என்பதை முடிவுசெய்வது ஒரே கேள்வி: உங்கள் மெயிலின் மூலப்பிரதி மெயில் சேவை தருபவரின் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில் இருக்கிறதா, இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறதா?

முதலில் இரண்டு சோதனை

கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது சுலபம். அவுட்லுக்கில் 'ஃபைல்', 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் 'டேட்டா ஃபைல்ஸ்' என்று போனால் ஃபைலின் பெயரும் இருக்கும் இடமும் தெரியும். பெயரின் கடைசியில் ஓ.எஸ்.டி. என்று இருந்தால் அது சர்வரில் உள்ள மெயிலின் நகல். மைக்ரோசாஃப்ட் 365, எக்ஸ்சேஞ்ச் (இரண்டும் மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சேவைகள்), ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) கணக்குகளுக்கு இப்படித்தான் இருக்கும். பி.எஸ்.டி. என்று இருந்தால் பெரும்பாலும் பாப் கணக்கு. சர்வரிலிருந்து மெயிலை இறக்கி இங்கே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து அழித்துவிடு என்ற அமைப்பும் அதில் பல இடங்களில் போட்டிருக்கும். அப்படியானால் போன வருஷ மெயில் உலகத்திலேயே இந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது.

அதே இடத்தில் 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' அழுத்தி ஃபைலின் அளவையும் பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் தரும் கணக்கு இது. 5 ஜி.பி. வரை சாதாரண மெஷினிலேயே நன்றாக ஓடும். 5 முதல் 10 ஜி.பி. வரை மெஷினின் வேகத்தைப் பொறுத்தது. 10 ஜி.பி.யைத் தாண்டினால் அடிக்கடி சிறு சிறு தடங்கல் வரும். 25 ஜி.பி.யைத் தாண்டினால் புது மெயில் இறங்கும்போதெல்லாம் நிற்கும். இது ஓ.எஸ்.டி.க்காகச் சொன்னது. பி.எஸ்.டி.க்கும் ஏறக்குறைய இதுவே பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சோதனை, குற்றம் உண்மையிலேயே ஃபைலின் மேல்தானா என்பது. அவுட்லுக்கை மூடிவிட்டு, கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டே அதன் ஐகானை அழுத்துங்கள். 'சேஃப் மோடில் திறக்கவா' என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். அப்படித் திறக்கும்போது பளிச்சென்று ஓடினால் கோளாறு ஆட்-இன்களில் இருக்கிறது. பி.டி.எஃப். மென்பொருள், ஆன்டிவைரஸ், வீடியோ மீட்டிங் என்று ஒவ்வொன்றும் அவுட்லுக்குக்குள் ஒரு துண்டைச் செருகி வைத்திருக்கும். தேவையில்லாததை அணைத்தால் போதும், கீழே உள்ள எதுவும் உங்களுக்கு வேண்டியதில்லை. சேஃப் மோடிலும் இழுத்தால் தொடர்ந்து படியுங்கள்.

பெரிய ஃபைல் ஏன் இழுக்கிறது

பி.எஸ்.டி., ஓ.எஸ்.டி. இரண்டுமே உள்ளுக்குள் ஒரு டேட்டாபேஸ். ஒரு மெயிலின் தலைப்பு ஒரு மூலையிலும் உடல் வேறொரு மூலையிலும் அட்டாச்மென்ட் இன்னொரு மூலையிலும் இருக்கும். எது எங்கே என்பதற்கு ஒரு அட்டவணையும் அதற்குள்ளேயே இருக்கும். ஃபைல் வளர வளர அட்டவணையும் வளரும். தேட வேண்டிய இடமும் சிதறும். சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஊசி ஒவ்வொரு துண்டுக்கும் ஓடி ஓடிப் படிக்க வேண்டும். அழித்த மெயிலின் இடமும் உடனே காலியாகிவிடாது. பீரோவிலிருந்து துணியை எடுத்துவிட்டால் பீரோ சின்னதாகிவிடுமா? அதே போல ஃபைல் பழைய அளவிலேயே நிற்கும்.

ஃபைலுக்கு உச்சவரம்பும் உண்டு. அவுட்லுக் 2002 வரை 2 ஜி.பி., 2003, 2007 பதிப்புகளில் 20 ஜி.பி., 2010 முதல் 50 ஜி.பி. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி 50ஐயும் தாண்ட வைக்கலாம் என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். மாற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் அது கொள்ளளவைத்தான் கூட்டுகிறது, வேகத்தைத் தொடுவதே இல்லை. 50 ஜி.பி.யில் தவிக்கும் ஒருவரை 70 ஜி.பி. வரை தவிக்க அனுமதிப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணமாட்டேன். மெயில் வருவதே நின்றுபோன அவசரத்தில் இரண்டு நாள் தாக்குப்பிடிக்க மட்டும் உதவும்.

வழி ஒன்று: அழித்துவிட்டு காம்பாக்ட் செய்வது

செலவே இல்லாத வழி. யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். இன்பாக்ஸில் உட்கார்ந்து விளம்பர மெயில்களை ஒவ்வொன்றாக அழிப்பார்கள். ஆயிரம் விளம்பர மெயிலை அழித்தாலும் நூறு எம்.பி. குறைவதே பெரிய விஷயம். பாரம் இருப்பது அட்டாச்மென்ட்டில், அதிலும் குறிப்பாக 'சென்ட் ஐட்டம்ஸ்' ஃபோல்டரில்.

திருப்பூர் ஏற்றுமதி ஆபீசில் ஒரு மெர்ச்சன்டைசரின் வேலையை எடுத்துக்கொள்வோம். பையரிடமிருந்து 9 எம்.பி.க்கு ஒரு டெக் பேக் (ஆடையின் டிசைன், அளவு விவரங்கள் உள்ள பி.டி.எஃப்.) வருகிறது. அதைத் துணிக்காரருக்கு ஒன்று, பிரிண்டிங் யூனிட்டுக்கு ஒன்று, எம்பிராய்டரிக்கு ஒன்று, ஃபேக்டரிக்கு ஒன்று என்று தனித்தனியாக ஃபார்வர்ட் செய்கிறார். வந்தது 9, போனது 36. ஒரே பி.டி.எஃப். 45 எம்.பி. இடத்தை அடைத்துக்கொண்டது. அதே ஃபைல்தானே என்று அவுட்லுக் ஒன்றாகச் சேர்த்து வைக்காது, ஐந்து முறையும் முழுசாக வைக்கும். பையர் ஒரு காலர் அளவை மாற்றித் திருத்திய டெக் பேக் அனுப்பினால் இன்னொரு 45. ஒரு சீசனுக்கு இப்படி எத்தனை ஸ்டைல் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆகவே சென்ட் ஐட்டம்ஸுக்குப் போய், மெயில்களை 'சைஸ்' வாரியாக அடுக்குங்கள். 5 எம்.பி.க்கு மேற்பட்டவற்றை அவுட்லுக்கே 'எனார்மஸ்' என்று தனிக் கொத்தாக மேலே காட்டும். அந்தக் கொத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும். மெயிலையே அழிக்க மனம் வரவில்லையா? அட்டாச்மென்ட்டை மட்டும் ஆர்டர் நம்பர் போட்ட ஒரு ஃபோல்டரில் சேமித்துவிட்டு, மெயிலில் அதன் மேல் வலது கிளிக் செய்து 'ரிமூவ் அட்டாச்மென்ட்' கொடுங்கள். எழுதிய வாசகம் அப்படியே இருக்கும், எடை மட்டும் போய்விடும். மூன்று வருஷம் கழித்து அந்த டெக் பேக்கைத் தேடும்போது மெயிலுக்குள் தேடுவதைவிட ஆர்டர் ஃபோல்டரில் எடுப்பது சுலபம் என்பது கூடுதல் லாபம்.

அழித்த பிறகு 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டரைக் காலி செய்ய வேண்டும். பிறகு அதே 'டேட்டா ஃபைல்ஸ்' பக்கத்தில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து 'செட்டிங்ஸ்', 'காம்பாக்ட் நவ்'. பெரிய ஃபைலுக்கு மணிக்கணக்கில் ஆகலாம், அதுவரை அவுட்லுக்கைத் தொட முடியாது. வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில் போட்டுவிட்டுப் போங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரோடு. எதையும் அழிக்காமல் காம்பாக்ட் மட்டும் செய்தால் குறைய ஒன்றும் இருக்காது. 'காம்பாக்ட் பண்ணினேன், ஒண்ணும் ஆகலை' என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஐமேப் கணக்கில் இங்கே அழித்தால் சர்வரிலும் போனிலும் சேர்த்தே அழியும். ஆபீசில் நாலு பேர் ஒரே மெயில் ஐ.டி.யைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அழிக்கும் முன் மற்ற மூவரிடமும் கேட்டுவிடுங்கள்.

இந்த வழியின் பலவீனம், இது நிற்காது என்பதுதான். இன்று 18 ஜி.பி.யை 11 ஆக்கினாலும் வேலை நடக்கும் ஆபீசில் ஒரு வருஷத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். நிரந்தரமாகத் தீர வேண்டுமானால் அடுத்த இரண்டில் ஒன்று வேண்டும்.

வழி இரண்டு: ஓ.எஸ்.டி. உள்ளவர்கள் நகலைச் சுருக்குவது

மெயில் மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்தால் தயங்கவே வேண்டாம், இதுதான் உங்கள் வழி. மூலம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. அதன் பத்து வருஷ நகலை இந்த லேப்டாப்பில் சுமக்க எந்த அவசியமும் இல்லை.

'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' போய், கணக்கைத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச்' கொடுத்தால் எவ்வளவு காலத்து மெயிலை இங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அவுட்லுக் 2013இல் வந்த வசதி. அதை 'ஆல்' என்பதிலிருந்து ஒரு வருஷத்துக்கு இழுத்துவிட்டு அவுட்லுக்கை மூடித் திறக்க வேண்டும். அதற்கு முந்தைய மெயில் எங்கேயும் போய்விடாது. ஃபோல்டரின் அடியில், இன்னும் மெயில் சர்வரில் இருக்கிறது என்று ஒரு வரி காட்டும், அழுத்தினால் வந்துவிடும். பழைய மெயிலைத் தேடும்போது சர்வரில் தேட ஒரு கிளிக் கூடுதலாகும், நெட்டும் வேண்டும். ரயிலிலும் சைட்டிலும் நெட் இல்லாமல் பழைய மெயிலைப் புரட்ட வேண்டியவர்கள் இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொது மெயில்பாக்ஸ் ஏதாவது உங்கள் கணக்கோடு சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று பகிர்ந்த மெயில்பாக்ஸ்களும் உங்கள் ஓ.எஸ்.டி.க்குள்தான் வந்து இறங்கும். சொந்த மெயில் 4 ஜி.பி., ஃபைல் 22 ஜி.பி. என்று இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். அதே 'சேஞ்ச்' பக்கத்தில் 'மோர் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய் 'டவுன்லோட் ஷேர்டு ஃபோல்டர்ஸ்' டிக்கை எடுத்துவிடலாம்.

ஸ்லைடரைக் குறைத்த பிறகும் டிஸ்க்கில் ஃபைலின் அளவு உடனே குறையாது. முன்பு சொன்ன பீரோ கதைதான். காம்பாக்ட் செய்யலாம். அல்லது அவுட்லுக்கை மூடிவிட்டு ஓ.எஸ்.டி. ஃபைலின் பெயரை மாற்றிவைத்துத் திறந்தால், சர்வரிலிருந்து ஒரு வருஷ மெயிலை மட்டும் இறக்கிப் புது ஃபைலை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது முறைதான். வருஷக்கணக்கில் சேர்ந்த சின்னச் சின்னச் சிதைவுகளும் இதோடு தீரும். செய்வதற்கு முன் அவுட்பாக்ஸில் எதுவும் அனுப்பாமல் நிற்கவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தப் பெயர்மாற்றும் வேலையைப் பி.எஸ்.டி.யில் செய்துவிட வேண்டாம். அதை மீண்டும் உண்டாக்கித் தர சர்வரில் எதுவும் இல்லை. ஐமேப் கணக்கின் ஓ.எஸ்.டி.யிலும் ஒரு பொறி இருக்கிறது. 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று அடைப்புக்குறி போட்ட காலண்டரும் கான்டாக்ட்ஸும் அந்த ஃபைலுக்குள் மட்டும்தான் இருக்கும். அவற்றை முதலில் ஒரு தனி பி.எஸ்.டி.யாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஜிமெயிலை அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ ஐமேப் வழியாகப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஜிமெயிலில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஐமேப் வழியாக வரும்போது ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டராக மாறும். இன்பாக்ஸில் இருக்கும் அதே மெயில் 'ஆல் மெயில்' என்ற ஃபோல்டரிலும் மறுபடி இறங்கும். ஜிமெயில் செட்டிங்ஸில் 'லேபிள்ஸ்' பக்கம் போய், 'ஆல் மெயில்' எதிரே 'ஷோ இன் ஐமேப்' டிக்கை எடுத்தால் ஏறக்குறைய பாதி பாரம் அங்கேயே குறையும். ஒரு மெயில்கூட அழிக்க வேண்டாம்.

வழி மூன்று: பி.எஸ்.டி.யை வருஷவாரியாகப் பிரிப்பது

பாப் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஸ்லைடர் கிடையாது. அவர்களுக்கு உள்ளபடியே கிடைப்பது இந்த வழி. நடப்பு மெயில் ஒரு சின்ன ஃபைலில், பழையது நிதியாண்டு வாரியாகத் தனித்தனி ஃபைலில்.

பிரிப்பதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, அவுட்லுக்கை மூடிவிட்டு பி.எஸ்.டி.யை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுப்பது. பென்டிரைவில் எடுக்கப் பார்த்து, இடம் இருந்தும் 'ஃபைல் பெரிது' என்று மறுத்தால் பயப்பட வேண்டாம். ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றினால் ஏற்கும். இரண்டு, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் மென்பொருளோடு கூடவே வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற பழுதுபார்க்கும் கருவியை ஒரு முறை ஓட்டுவது. யு.பி.எஸ். இல்லாத ஆபீசில் கரண்ட் போய்ப் போய் வந்த பி.எஸ்.டி.யில் சிதைவு இல்லாமல் இருப்பது அபூர்வம். சிதைந்த ஃபைலைப் பிரிக்கப் போனால் பாதி வழியில் நிற்கும். ஸ்கேன்பிஎஸ்டி அளவைக் குறைக்காது, அந்த எதிர்பார்ப்பில் ஓட்டாதீர்கள்.

பிரிக்க அவுட்லுக்கிலேயே வசதி இருக்கிறது. 'ஃபைல்', 'டூல்ஸ்', 'கிளீன் அப் ஓல்டு ஐட்டம்ஸ்' போனால் எந்தத் தேதிக்கு முந்தையதை எந்த ஃபைலுக்கு நகர்த்துவது என்று கேட்கும். 31 மார்ச் 2021 வரை ஒரு ஃபைல், அடுத்த மார்ச் வரை இன்னொன்று என்று பழசிலிருந்து தொடங்கி வரலாம். ஃபோல்டர் அமைப்பு அப்படியே காப்பாற்றப்படும், இது பெரிய சௌகரியம்.

சிலருக்கு இதை ஓட்டினாலும் ஒரு மெயிலும் நகராது. காரணம், அவுட்லுக் மெயில் வந்த தேதியை மட்டும் பார்ப்பதில்லை, கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் பார்க்கிறது. இரண்டில் எது பிந்தியதோ அதுதான் கணக்கு. போன மாதம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது மெயிலையெல்லாம் இம்போர்ட் செய்திருந்தால் 2015ஆம் வருஷத்து மெயிலும் போன மாத மெயிலாகவே அதற்குத் தெரியலாம். அப்போது 'நியூ ஐட்டம்ஸ்' வழியாகப் புது டேட்டா ஃபைல் ஒன்றை உண்டாக்கி, தேதிவாரியாக அடுக்கி, கையால் இழுத்துப் போடுவதே உத்தமம். ஒரேயடியாக முப்பதாயிரம் மெயிலைத் தேர்ந்தெடுத்து இழுக்காமல் இரண்டாயிரம் மூவாயிரமாக நகர்த்துங்கள்.

நகர்த்தி முடித்ததும் பழைய ஃபைல்களை அவுட்லுக்கின் இடது பக்கத்தில் வலது கிளிக் செய்து 'க்ளோஸ்' செய்ய வேண்டும். பிரித்த எட்டு ஃபைலையும் திறந்தே வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் எட்டையும் அது தூக்கிக்கொண்டுதான் எழும். நடப்பு ஃபைலும் போன வருஷ ஃபைலும் திறந்திருக்கட்டும், மற்றவை மூடியிருக்கட்டும். தேவைப்படும்போது திறந்துகொள்ள அரை நிமிடம் ஆகாது. மூடிய ஃபைலுக்குள் தேட முடியாது என்பதுதான் இந்த வழியில் உண்மையான இழப்பு. எந்த வருஷத்து விவகாரம் என்றாவது நினைவில் இருக்க வேண்டும்.

அந்தப் பழைய ஃபைல்களை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் தேவை. அவுட்லுக்கில் திறந்திருக்கும் பி.எஸ்.டி.யை ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) ஃபோல்டரிலோ ஆபீஸ் நெட்வொர்க்கில் பகிர்ந்த டிரைவிலோ வைக்காதீர்கள். ஒன்றைத் தொட்டாலும் முழு ஃபைலும் மாறியதாகவே ஒன்டிரைவுக்குத் தெரியும், திரும்பத் திரும்ப ஏற்றப் பார்க்கும். நெட்வொர்க்கில் வைத்து ஓட்டுவதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒரு நகல், அதுவே நல்லது.

காசு கொடுத்து வாங்கும் பி.எஸ்.டி. ஸ்ப்ளிட்டர் மென்பொருள்கள் ஏராளம். மேலே சொன்னதை மவுஸால் செய்ய முடிகிறபோது அவற்றுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆபீசின் மொத்தக் கடிதப் போக்குவரத்தையும் முன்பின் தெரியாத ஒரு மென்பொருளிடம் திறந்து கொடுக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று ஆபீஸ்களில் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை, அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கம்பெனிகள் சட்டப்படி 8 நிதியாண்டுக்குக் கணக்குப் புத்தகங்கள் இருக்க வேண்டும். எல்லா மெயிலும் இந்தக் கணக்கில் வராது. பில், கிரெடிட் நோட், பர்ச்சேஸ் ஆர்டர் போன்றவை அட்டாச்மென்ட்டாக மெயிலில் மட்டும் இருந்தால் வரும். அழிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாப்பை விட்டு சர்வருக்கே போவது

பிரிப்பது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஹார்ட் டிஸ்க் போனால் மெயிலும் போகும் என்ற பயமும் தொடரும். இதை ஒரேயடியாக முடிக்க, கணக்கை ஐமேப்புக்கோ மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்றவற்றுக்கோ மாற்றலாம். மாதச் சந்தா உண்டு. ஐந்து பேருக்கு மேல் மெயிலை நம்பித் தொழில் நடக்கும் இடத்தில் அந்தச் சந்தா கொடுக்கத் தகுந்தது என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் மட்டும் இருக்கும் சின்னக் கடைக்கு வருஷவாரி பி.எஸ்.டி.யும் வெளி டிஸ்க்கும் போதும்.

மாறும்போது பத்து வருஷ மெயிலையும் சர்வரில் ஏற்ற வேண்டும் என்றில்லை. கடைசி இரண்டு வருஷத்தை ஏற்றிவிட்டுப் பழையதை பி.எஸ்.டி.யாகவே வைத்துக்கொள்ளலாம். வெப் ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் ஐமேப்புக்கு மாறுகிறவர்கள் மெயில்பாக்ஸின் இட அளவை முதலில் கேளுங்கள். ஒரு ஜி.பி.தான் தருவார்கள் என்றால் மாறிய சில மாதத்தில் மெயில் திரும்பிப் போக ஆரம்பிக்கும்.

மைக்ரோசாஃப்ட் 365இன் சில திட்டங்களில் ஆன்லைன் ஆர்க்கைவ் என்று இரண்டாவது மெயில்பாக்ஸ் ஒன்றும் உண்டு. நிர்வாகி அதை இயக்கிவிட்டால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மெயிலைத் தானாகவே அங்கே நகர்த்திவிடுவதுதான் வழக்கமான அமைப்பு. அது கம்ப்யூட்டரில் இறங்காது, ஓ.எஸ்.டி.யும் வளராது. ஏற்கெனவே அந்தத் திட்டத்துக்குக் காசு கட்டிக்கொண்டு இதை இயக்காமலேயே இருக்கும் ஆபீஸ்கள் உண்டு. உங்கள் நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்கள்.

தண்டர்பேர்டுக்கு மாறினால் தீருமா?

மாறியதாலேயே தீராது. தண்டர்பேர்டு வழக்கமாக எம்பாக்ஸ் என்ற முறையில் சேமிக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு நீண்ட டெக்ஸ்ட் ஃபைல். மெயிலை அழித்தால் 'அழிந்தது' என்று குறி மட்டும் போடும், காம்பாக்ட் செய்யும்போதுதான் உண்மையில் போகும். அட்டாச்மென்ட்டையும் மெயிலில் வந்த வடிவத்திலேயே எழுத்துகளாக வைத்திருப்பதால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அடைக்கும். 15 எம்.பி. ஸ்கேன் 20 எம்.பி. ஆகிவிடும்.

ஆனால் ஃபோல்டருக்கு ஒரு ஃபைல் என்பது ஒரு வசதியும் தருகிறது. இன்பாக்ஸ் சின்னதாக இருந்தால் போதும், பழைய ஃபோல்டர்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புது மெயிலின் வேகத்தை அதிகம் பாதிக்காது. மெயிலைத் தேர்ந்தெடுத்து 'ஏ' எழுத்தை அழுத்தினால் வருஷவாரி ஆர்க்கைவ் ஃபோல்டருக்குப் போய்விடும். பிறகு 'ஃபைல்' மெனுவில் 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்'. ஐமேப் என்றால் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தில் கடைசி இத்தனை நாள் மெயில் மட்டும் என்று வரம்பு வைக்கலாம். ஆன்டிவைரஸ் ஒரு கெட்ட மெயிலுக்காக இன்பாக்ஸ் ஃபைலையே முழுசாகப் பறிமுதல் செய்துவிடும் ஆபத்து இதில் உண்டு. தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே தண்டர்பேர்டில் இருப்பவர்கள் அங்கேயே இதைச் செய்யலாம். அவுட்லுக்கில் இருப்பவர்கள் வேகத்துக்காக மட்டும் மாற வேண்டாம்.

பிரவுசரிலேயே மெயில் பார்ப்பதும், விண்டோஸின் புதிய அவுட்லுக்கும் சர்வரில் மெயில் இருப்பவர்களுக்கு நல்ல வழிதான். பெரிய ஃபைலை நம் பக்கம் கட்டிக் காக்க வேண்டியதில்லை. பி.எஸ்.டி. குவியல் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். புதிய அவுட்லுக்கில் பி.எஸ்.டி. வசதிகள் படிப்படியாகத்தான் வருகின்றன. பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அது ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

எஸ்.எஸ்.டி. பற்றி

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அவுட்லுக் ஓடிக்கொண்டிருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள். சிதறிய சின்னத் துண்டுகளைப் படிப்பதில்தான் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், பி.எஸ்.டி. கேட்பதும் அதைத்தான். 12 ஜி.பி. ஃபைல் சட்டென்று உயிர் பெற்றது போல ஓடும். ஆனால் ஃபைலைக் குறைக்காமல் எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டால் 30 ஜி.பி. ஆகும்போது பழையபடி நிற்கும். கையில் ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது, ஃபைலோ 10 ஜி.பி.க்குள் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி.யை முதலில் வாங்குங்கள். 20 ஜி.பி.யைத் தாண்டியிருந்தால் முதலில் ஃபைல்.

எந்த வழியில் போனாலும், தொடங்கும் முன் எடுத்த நகலை ஒரு மாதமாவது தொடாமல் வைத்திருங்கள். பிரித்து முடித்த அன்றே ஒவ்வொரு வருஷ ஃபைலையும் திறந்து, ஏதாவது ஒரு பெரிய அட்டாச்மென்ட் உள்ள மெயிலைத் தேடி எடுத்து, அந்த அட்டாச்மென்ட்டும் திறக்கிறதா என்று பாருங்கள். தலைப்பு மட்டும் வந்து உள்ளே எதுவும் இல்லாத மெயில் கண்ணில் பட்டால் அந்த வருஷத்தை மட்டும் நகலிலிருந்து மறுபடி நகர்த்தினால் போதும்.